திருவாவடுதுறையில் காரண காரிய ஆராய்ச்சி: சிவஞான முனிவரின் இரு நூல்கள்

1. ஆய்வுப் பொருள்

ஒன்றை மற்றொன்றிற்குக் காரணம் என்று கூறுமிடத்து இருவேறு வினாக்கள் எழுகின்றன. ஒரு விளைவுக்கு முன்னே இருந்தவை பலவாக இருக்க, அவற்றுள் எது காரணம், எது தற்செயலாக உடன் நின்றது என்று பிரித்தறிவது முதல் வினா. அவ்வாறு பிரித்தெடுத்த காரணத்திலிருந்து அந்த விளைவே தோன்றுவதும் பிறிதொன்று தோன்றாமையும் எதனால் என்பது இரண்டாம் வினா. முதல் வினா அளவையியலைச் சார்ந்தது. அதாவது, அறியும் முறையையும் சான்றின் தகுதியையும் ஆராயும் துறைக்கு உரியது. இரண்டாம் வினா மெய்ப்பொருளியலைச் சார்ந்தது. அதாவது, உள்பொருள்களின் இயல்பு யாது என்று ஆராயும் துறைக்கு உரியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு வாதிட்டமையால் விளைந்த குழப்பம் இந்தியத் தத்துவ வரலாற்றிலும் ஐரோப்பியத் தத்துவ வரலாற்றிலும் சிறிதன்று.

காவிரிக் கரையிலுள்ள திருவாவடுதுறை ஆதீனத்தில் வாழ்ந்து 1785இல் மறைந்த சிவஞான முனிவர், காரணம் பற்றி ஒன்றோடொன்று முரண்படும் இரு கொள்கைகளை இரு நூல்களில் தமிழுக்குத் தந்தவர். நியாய வைசேடிக மரபின் தொடக்க நூலாகிய தருக்க சங்கிரகத்தை அவர் மொழிபெயர்த்தார். அந்நூல், காரியம் தோன்றுமுன் இல்லாதது என்று கூறும் அசற்காரியவாதத்தைக் கைக்கொண்டது. மெய்கண்டாரின் சிவஞான போதத்திற்கு அவர் எழுதிய பேருரையாகிய சிவஞான மாபாடியமோ, காரியம் காரணத்தில் முன்னரே உள்ளது என்னும் சற்காரியவாதத்தை நிலைநாட்டுவது. மறுக்க வேண்டிய கொள்கையின் பாடநூலைத் தாமே மொழிபெயர்த்துத் தந்தது ஏன் என்ற ஐயத்திற்கு, மாணாக்கர்க்குத் தருக்கப் பயிற்சி வேண்டியிருந்தது என்பதே வழக்கமான விடை. அவ்விடை உண்மையாயினும் போதாது. தருக்க சங்கிரகத்தின் காரண இலக்கணம் முதல் வினாவிற்கு விடையாகவும், சற்காரியவாதம் இரண்டாம் வினாவிற்கு விடையாகவும் அமைவதால் ஒருவரே இரண்டையும் கற்பிக்க முடிந்தது என்பதே இச்சொற்பொழிவு நிறுவ முற்படும் கருத்து.

2. காவிரிப் படுகையில் காரணவாத மரபு

சிவஞான முனிவர் தனித்து நின்று இவ்வாராய்ச்சியில் இறங்கியவர் அல்லர். காவிரிப் படுகையில் காரணம் பற்றிய விவாதம் அவருக்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே தொடங்கிவிட்டது. புகாரில் பிறந்த கதைத்தலைவியைக் காஞ்சிக்கு அழைத்துச் சென்று அறம் கேட்பிக்கும் மணிமேகலைக் காப்பியம், தன் இறுதிக் காதையில் பன்னிரு சார்புகளை விரித்துரைக்கிறது. பேதைமையைச் சார்ந்து செய்கையும், செய்கையைச் சார்ந்து உணர்வும் என ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் என்பதும், இத்தொடருக்குப் புறம்பாக நின்று இதனை இயக்கும் நிலையான பொருள் எதுவும் இல்லை என்பதும் பௌத்தக் கொள்கை. உறையூரினர் என்று கருதப்படும் புத்ததத்தர், கி.பி. 5ஆம் நூற்றாண்டில் காவிரிப்பூம்பட்டினத்து விகாரையொன்றில் தங்கி அபிதம்மாவதாரம் என்னும் பாலி நூலை இயற்றினார். இருபத்துநான்கு வகைச் சார்பு உறவுகளை வகுத்துக் காட்டும் அபிதம்ம மரபின் சுருக்க நூல்களுள் அது ஒன்று. பௌத்தர்கள் இக்கொள்கையை விளக்குதற்கு எடுத்துக்கொண்ட பொருள்களுள் நெல் முளையும் உண்டு. சாலிஸ்தம்ப சூத்திரம் என்னும் மகாயான நூல் நெற்பயிரின் பெயரையே தன் பெயராகக் கொண்டு, விதையும் மண்ணும் நீரும் வெப்பமும் காற்றும் வெளியும் பருவமும் கூடியவழி முளை தோன்றுகிறது என்றும், அவற்றுள் எதுவும் தானே முளையை உண்டாக்குவதாக எண்ணுவதில்லை என்றும் கூறுகிறது.

சோழர் காலத்து அணியிலக்கண நூலாகிய தண்டியலங்காரம், ஏது என்னும் அணியைக் காரக ஏது என்றும் ஞாபக ஏது என்றும் பிரிக்கிறது. ஒன்றை உண்டாக்கும் காரணம் காரக ஏது. ஒன்றை அறிவிக்கும் காரணம் ஞாபக ஏது. நெருப்பு புகைக்குக் காரக ஏதுவாகும். புகை நெருப்பை அறிவதற்கு ஞாபக ஏதுவாகும். செய்யுள் கற்ற தமிழ் மாணவனுக்கும் இவ்வேறுபாடு பாடமாக இருந்தது என்பது கருதத்தக்கது.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தை அருளிய பின், கொள்ளிடத்திற்கு வடக்கே தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் 1313இல் சங்கற்ப நிராகரணம் என்னும் நூலில் அகச்சமயக் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். 17ஆம் நூற்றாண்டில் கண்டரமாணிக்கத்தைச் சேர்ந்த தர்மராஜ அத்வரீந்திரர் வேதாந்த பரிபாஷையை எழுதினார். நவீன நியாயத்தின் மூலநூலாகிய தத்துவ சிந்தாமணிக்கும் அவர் உரை கண்டவர். தஞ்சை மராட்டிய மன்னர் சாகசி 1693இல் திருவிசநல்லூரைப் புலவர் பலருக்குக் கொடையாக அளித்தபோது, தருக்கமும் வேதாந்தமும் பயிலும் ஊர்களின் நிரையில் மேலும் ஓரூர் சேர்ந்தது. திருவாவடுதுறை மடமும் தருமபுர மடமும் இச்சூழலின் நடுவே இருந்தன. ஆகவே அங்கே எழுந்த உரைகள், எதிர்வாதம் செய்வார் அடுத்த ஊரிலேயே உள்ளார் என்ற உணர்வோடு எழுதப்பட்டவை.

3. முனிவரும் நூல்களும்

பொதிய மலைச்சாரலில் உள்ள விக்கிரமசிங்கபுரத்தில் முக்களாலிங்கர் என்னும் பிள்ளைப் பெயரோடு பிறந்தவர், இளமையிலேயே திருவாவடுதுறைத் தம்பிரான்களோடு காவிரிக் கரைக்கு வந்து, வேலப்ப தேசிகரிடம் தீக்கை பெற்றுச் சிவஞான முனிவரானார். இலக்கணத்தில் தொல்காப்பியச் சூத்திர விருத்தியும் இலக்கண விளக்கச் சூறாவளியும், காப்பியத்தில் காஞ்சிப் புராணத்தின் முதற் காண்டமும், சமயவாதத்தில் சிவசமவாத உரை மறுப்பும் அவர் எழுதியவற்றுள் சில. பிறர் கூறிய பொருளை மறுக்கவும் தனி நூல் எழுதும் வழக்கம் உடையவர் என்பதை இப்பட்டியலில் உள்ள மறுப்பு நூல்களே காட்டும்.

தருக்க சங்கிரகத்தின் ஆசிரியர் அன்னம்பட்டர் 17ஆம் நூற்றாண்டினர், தெலுங்கு நாட்டவர். மூல நூலோடு, அதற்குத் தாமே தீபிகை என்னும் உரையையும் எழுதினார். மூலத்தையும் உரையையும் சேர்த்து முனிவர் தமிழாக்கியது 'தருக்க சங்கிரகமும் அன்னம்பட்டீயமும்' என்று வழங்கும். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அதனை அச்சிட்டுப் பரப்பினார். சிவஞான மாபாடியமோ நெடுங்காலம் மடத்துச் சுவடியாகவே இருந்து, 20ஆம் நூற்றாண்டில்தான் முழுமையாக அச்சேறியது. ஒரே ஆசிரியரின் இரு நூல்களும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வாசகரை அடைந்தமையால், ஒன்றைத் தருக்கப் பாடமாகவும் மற்றொன்றைச் சமய நூலாகவும் பிரித்தே கற்கும் பழக்கம் நிலைத்துவிட்டது.

4. தருக்க சங்கிரகத்தின் காரண இலக்கணம்

காரியத்திற்கு முன்னே தவறாமல் இருப்பது காரணம் என்பது தருக்க சங்கிரகம் கூறும் இலக்கணம். இதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு குற்றத்தை நீக்குதற்காக நிற்கிறது என்பதைத் தீபிகை விளக்குகிறது. 'முன்னே இருப்பது' என்று மட்டும் கூறினால், குடம் வனையும் இடத்திற்குத் தற்செயலாக வந்து நின்ற கழுதையும் குடத்திற்குக் காரணமாகிவிடும். அதனை விலக்கத் 'தவறாமல்' என்ற அடை வேண்டும். 'தவறாமல் இருப்பது' என்று மட்டும் கூறினால், காரியமே தனக்குக் காரணமாகிவிடும். அதனை விலக்க 'முன்னே' வேண்டும். இவ்விரண்டும் இருந்தும் ஓர் இடர் எஞ்சுகிறது. துணிக்கு நூல் காரணம் எனில், நூலின் நிறமும் நூல் இருக்குமிடமெல்லாம் துணிக்கு முன்னே தவறாமல் இருப்பதுதானே, அதனையும் துணிக்குக் காரணம் எனலாகாதோ என்னும் கேள்விக்கு, அந்நிறம் 'அன்னியதாசித்தம்' என்பது விடை. வேறொன்றால் காரியம் நிறைவேறிவிட, அதனோடு ஒட்டிக்கொண்டு வருவதே அன்னியதாசித்தம். தீபிகை இதனை மூன்று வகையாகவும், விசுவநாதரின் நியாய சித்தாந்த முக்தாவளி ஐந்து வகையாகவும் பகுக்கின்றன. குயவனுடைய தந்தை குடத்திற்கு முன்னே இருந்தவர்தாம். ஆயினும் குயவன் இருக்கவே காரியம் முடிவதால் தந்தை காரணமாகார் என்பது முக்தாவளி காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று.

காரணம் மூவகைப்படும். காரியம் எதனோடு பிரிவின்றிச் சேர்ந்து தோன்றுகிறதோ அது சமவாயி காரணம். துணிக்கு நூல் அத்தகையது. அந்தச் சமவாயி காரணத்தைப் பற்றி நின்று காரியத்திற்கு உதவுவது அசமவாயி காரணம். நூல்கள் ஒன்றோடொன்று கூடிய கூட்டம் அது. இவ்விரண்டிற்கும் வேறானது நிமித்த காரணம். தறியும் நாடாவும் நெசவாளியும் இதன்பாற்படும். இவற்றோடு எல்லாக் காரியங்களுக்கும் பொதுவான காரணங்களாக இறைவன், அவன் அறிவு, இச்சை, முயற்சி, காலம், திசை, நல்வினை தீவினைகளாகிய அதிருட்டம், முன்னின்மை ஆகிய எட்டையும் உரையாளர்கள் கொள்வர். முன்னின்மை என்பது ஒரு பொருள் தோன்றுமுன் அது இல்லாதிருத்தல். நியாய மரபு இன்மையையும் ஒரு பதார்த்தமாக, அதாவது அறியத்தக்க பொருள் வகையாகக் கொள்வது. அதனால்தான் காரியத்தின் முன்னின்மையையே காரணங்களுள் ஒன்றாக அதனால் எண்ண முடிகிறது.

20ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆங்கிலத்தில் விரிவாக விளக்கியவர் சு. குப்புசாமி சாஸ்திரியார். 1880இல் தஞ்சை மாவட்டத்துக் கணபதி அக்கிரகாரத்தில் பிறந்து, திருவையாற்றுக் கல்லூரியின் தலைவராயிருந்து, பின் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியரான அவர், 1932இல் தருக்க சங்கிரகத்தை அடிப்படையாகக் கொண்ட இந்திய அளவையியல் முதனூல் ஒன்றை வெளியிட்டார். முனிவர் மடத்து மாணாக்கருக்குத் தமிழில் செய்ததைச் சாஸ்திரியார் பல்கலைக்கழக மாணவருக்கு ஆங்கிலத்தில் செய்தார்.

5. சிவஞான போதத்தின் முதல் நூற்பா

பன்னிரண்டு நூற்பாக்களும் நாற்பது அடிகளுமே கொண்ட சிவஞான போதம், காரணம் பற்றிய வாதத்தோடுதான் தொடங்குகிறது. ஆண், பெண், அஃறிணை எனப் பகுத்துச் சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது; அது எதனிடத்தில் ஒடுங்கிற்றோ அதனிடத்திலிருந்தே மீளத் தோன்றுகிறது; ஆகவே ஒடுக்கத்திற்கு உரிய முதல்வனே தோற்றத்திற்கும் முதல்வன் என்பது அந்நூற்பாவின் கருத்து. இதன் இரண்டாம் அதிகரணத்தில், அதாவது நூற்பாவின் உட்பிரிவாக நின்று தனி வாதம் ஒன்றை முன்வைக்கும் பகுதியில், மெய்கண்டார் இரு ஏதுக்களை இணைக்கிறார். இல்லாத பொருளுக்குத் தோற்றம் இல்லை என்பது ஒன்று. உள்ள பொருளும் செய்வோன் ஒருவன் இன்றிச் செயற்படாது என்பது மற்றொன்று.

இவ்விணைப்பின் நுட்பம் எளிதில் புலப்படுவதன்று. சற்காரியவாதத்தை முதலில் முறையாக நிறுவிய சாங்கியர், காரியம் மூலப்பகுதியில் முன்னரே உள்ளது என்பதனால் இறைவனாகிய நிமித்த காரணம் வேண்டா என்று முடித்தனர். நியாய நூலாராகிய நையாயிகர், நிமித்த காரணனாக இறைவன் வேண்டும் என்றபோதிலும் காரியம் முன்னே இல்லாதது என்றனர். மெய்கண்டார் ஒருவர் கொண்ட முதற்கூற்றையும் மற்றவர் கொண்ட முடிவையும் சேர்த்துக் கொள்கிறார். காரியம் முன்னரே உள்ளதாயின் முயற்சி எதற்கு என்று நையாயிகர் சற்காரியவாதியை நோக்கி எழுப்பும் தடைக்கு, உள்ளதனை நுண்ணிலையிலிருந்து பருநிலைக்குக் கொணர்தற்கே செய்வோன் வேண்டும் என்ற விடை இரண்டாம் ஏதுவிலேயே அடங்கிவிடுகிறது.

மாபாடியம் பின்பற்றும் காரணப் பகுப்பும் மூன்றே. மாயை முதற்காரணம், இறைவனின் சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். குடத்திற்கு மண்ணும், தண்டு சக்கரமும், குயவனும் போல. தருக்க சங்கிரகத்தின் மூன்றோடு இம்மூன்றும் எண்ணிக்கையால் ஒத்தாலும் வகையால் ஒவ்வா. அங்கே நூல்களின் கூட்டம் தனிக் காரணமாக எண்ணப்பட்டது. இங்கே கருவி தனிக் காரணமாக எண்ணப்படுகிறது. கூட்டம் என்பது நூல்களின் நிலையே அன்றி வேறு பொருளன்று என்று கொள்ளும் சற்காரியவாதிக்கு அதனைத் தனியே எண்ண வேண்டிய தேவை இல்லை.

6. வாதமும் எதிர்வாதமும்

எண்ணெய் வேண்டுவோன் எள்ளை நாடுகிறான், மணலை நாடுவதில்லை. எல்லாம் எல்லாவற்றிலிருந்தும் தோன்றுவதில்லை. சாங்கிய காரிகை தொடங்கிச் சற்காரியவாதிகள் அனைவரும் எடுத்தாளும் இவ்வாதத்திற்கு நையாயிகர் கூறும் விடை கூர்மையானது. எண்ணெயின் முன்னின்மை எள்ளிலேயே இருக்கிறது, மணலில் இல்லை. ஆகவே எள்ளிலிருந்து எண்ணெய் தோன்றுகிறது என்பர். மணலில் எண்ணெய் இல்லாமை என்றும் உள்ள இன்மை. எள்ளில் எண்ணெய் இல்லாமை முடிவுறக்கூடிய இன்மை. இவ்விரு இன்மைகளையும் வேறாகப் பகுத்ததால், காரியம் முன்னே உள்ளது என்று கூறாமலே தேர்வுக்குக் காரணம் காட்டிவிட முடிகிறது.

இவ்விடத்திலேதான் இரு வினாக்களும் பிரிகின்றன. எள்ளில் உள்ள இன்மை முடிவுறக்கூடியது என்று அறிவது எவ்வாறு என்று வினவினால், எள்ளிலிருந்து எண்ணெய் தோன்றக் கண்டமையால் என்பதன்றி வேறு விடை இல்லை. எதிலிருந்து எது தவறாமல் வருகிறது என்ற அனுபவத்தைத்தான் முன்னின்மை என்னும் சொல் மீண்டும் எடுத்துரைக்கிறது. காரணம் எது என்று பிரித்தறிதற்கு அது போதுமானது. ஏன் அதிலிருந்து என்ற வினாவை அது தொடுவதில்லை. சற்காரியவாதி கேட்பது பின்னதையே.

நெல் விதைப்பில் இதனை அணுகிக் காணலாம். காவிரிப் படுகையில் விதை நெல்லைத் தேர்வதற்கு உப்பு நீரைப் பயன்படுத்துவது வழக்கம். நல்ல முட்டையொன்று நாணய அளவுக்கு மேலே தெரிந்து மிதக்கும்வரை நீரில் உப்பைக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டினால், பதரும் கருக்காயும் மேலே மிதக்க, மணி முற்றிய நெல் அடியில் தங்கும். மிதந்ததை அரித்தெடுத்துவிட்டு, தங்கியதை நல்ல நீரில் அலசி, சாக்கில் கட்டி ஊறவைத்து, வடியவிட்டு, வைக்கோல் மூடி மூட்டம் போட்டால் மறுநாள் வெண்முளை எட்டிப்பார்க்கும். அதன் பின்னரே நாற்றங்காலில் விதைப்பர். பதருக்கும் நெல்லுக்கும் உமி ஒன்று, வயல் ஒன்று, நீர் ஒன்று, பருவம் ஒன்று. புறத்தே முன்னிற்பவை எல்லாம் ஒத்திருந்தும் ஒன்றில் முளை தோன்றுவதும் மற்றொன்றில் தோன்றாமையும் மணிக்குள் இருப்பதனால் விளைவன. புதிதாக அறுத்த நெல் சில வகைகளில் உடனே முளைக்காமல் சில வாரம் உறங்குநிலையில் கிடப்பதும் உண்டு; அப்போது முளைக்கும் தகுதி உள்ளே இருக்கிறது, வெளிப்பாடுதான் நிகழவில்லை. தகுதி இன்மையும் வெளிப்பாடு இன்மையும் வேறு என்ற சற்காரியவாதியின் பகுப்பு பதரிலும் உறங்கும் விதையிலும் தனித்தனியே காணக்கிடக்கிறது. மெய்கண்டாரும் முதல் நூற்பாவின் வெண்பா ஒன்றில், விதை நிலத்தைத் தாங்குபொருளாகக் கொண்டு முளைப்பதை உவமையாக எடுத்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

காரியம் காரணத்தில் நுண்ணிலையில் உள்ளது என்பதற்கு, விதைக்குள் சிறிய நெற்பயிர் ஒன்று மடங்கிக் கிடக்கிறது என்பது பொருளன்று. ஐரோப்பிய உயிரியலில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அத்தகைய கொள்கையொன்று நிலவியது. முனிவர் வாழ்ந்த காலத்திலேயே, 1759இல், காஸ்பர் பிரீட்ரிக் வொல்ஃப் அதனை மறுத்து, உறுப்புகள் படிப்படியாக உருவாகின்றன என்று காட்டினார். சற்காரியவாதத்திற்கு அம்மறுப்பு ஊறு செய்யாது. மண்ணில் குடத்தின் வடிவம் இருப்பதாக எந்தச் சைவ சித்தாந்தியும் கூறியதில்லை. தூய மாயையிலிருந்து தோன்றுவனவற்றிற்குத் துணி கூடாரமாக விரிவதைச் சித்தாந்த நூல்கள் உவமை கூறுவதிலிருந்தும், பேசப்படுவது நிலைமாற்றமே என்பது தெளிவாகும்.

நையாயிகரின் வலிய எதிர்வாதம் ஒன்று உண்டு. வெளிப்பாடு என்பதும் ஒரு காரியந்தானே. அது முன்னரே உள்ளதாயின் முயற்சி வீண், முன்னே இல்லாததாயின் இல்லாதது தோன்றிற்று என்று ஒப்புக்கொண்டதாகும் என்பது அது. பொருள் நிலைத்திருக்க அவத்தை, அதாவது அதன் நிலை, மட்டும் மாறுகிறது என்பது சித்தாந்தியின் விடை. நிலை புதிதாக வந்தது என்பதை அவ்விடை ஒருவாறு ஒப்புக்கொள்கிறது என்றே கூற வேண்டும். ஆனால் புதிதாக வந்தது தனிப் பொருளன்று என்பதனைக் காத்துக்கொள்கிறது. துணி நூலினின்றும் வேறான புதுப்பொருள் என்று கூறும் நையாயிகரோ, நூலின் எடையும் துணியின் எடையும் சேர்ந்து இருமடங்கு ஆகாமை ஏன் என்பதற்குத் தனியே விடை தேட வேண்டியவராகிறார்.

7. ஐரோப்பிய ஆராய்ச்சியோடு ஒப்பு

முனிவரின் சமகாலத்தவராகிய டேவிட் ஹியூம் 1739இலும் 1748இலும் வெளியிட்ட நூல்களில், ஒரு நிகழ்ச்சியை மற்றொன்று தொடர்ந்து வருவதையன்றி அவற்றிடையே கட்டாயத் தொடர்பு எதனையும் காண முடியாது என்றும், அக்கட்டாயம் மனத்தின் பழக்கத்தால் பொருள்களின்மேல் ஏற்றப்படுவது என்றும் வாதிட்டார். தவறாமல் முன்னிற்பது என்னும் தருக்க சங்கிரக இலக்கணம் இதனை ஒத்திருப்பதாக ஒப்பாய்வாளர் பலர் கருதுவதுண்டு. ஒற்றுமை ஓரளவே உண்மை. நையாயிகருக்குக் காரணத் தொடர்பு மனப்பழக்கமன்று, உலகில் உள்ளது. அன்னியதாசித்தத்தை விலக்கும் பகுதியும் ஹியூமின் இலக்கணத்தில் இல்லாதது. 20ஆம் நூற்றாண்டில் ஜே. எல். மேக்கி 1965இல் முன்வைத்த கொள்கை இதற்கு இன்னும் நெருங்கியது. ஒரு விளைவைத் தருவதற்குப் போதுமான நிலைமைத் தொகுதிகள் பல இருக்கலாம். அவற்றுள் ஒரு தொகுதியில் தனியே போதாததாயினும் விலக்க முடியாததாய் நிற்கும் உறுப்பையே நாம் காரணம் என்கிறோம் என்றார் அவர். காரணங்கள் முழுதும் கூடிய நிலையைச் 'சாமக்கிரி' என்று நியாய மரபு பெயரிட்டு ஆராய்ந்தது இதற்கு ஒப்பாகும்.

சற்காரியவாதத்திற்கு ஒப்பாகத்தக்கது, பொருள்களில் உள்ளார்ந்த ஆற்றல்களே காரணத் தொடர்புக்கு அடிப்படை என்னும் கொள்கை. அபினி உறக்கம் தருவது அதிலுள்ள உறக்கந்தரும் ஆற்றலால் என்று விடையளிக்கும் மருத்துவரை மோலியேர் 1673இல் மேடையேறிய நாடகத்தில் எள்ளி நகையாடியது முதல், இக்கொள்கை வெறுஞ்சொல் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகி வந்துள்ளது. நியாய மரபும் சத்தி என்பதனைத் தனிப் பொருளாக ஏற்பதில்லை. நெருப்பின் அருகே ஒரு மணியை வைத்தால் சுடாமல் போவதும், மணியை எடுத்தால் சுடுவதும் நெருப்பில் சத்தி அழிந்து மீள்வதால் அன்று, தடையின் இன்மையும் எரிதலுக்கு ஒரு காரணம் ஆதலால் என்பது அம்மரபின் விளக்கம்.

இக்குற்றச்சாட்டிற்குச் சிவஞான போதத்தின் முதல் நூற்பாவே ஒரு விடையைத் தன்னகத்தே கொண்டுள்ளது எனலாம். காரணத்தில் காரியம் உள்ளது என்பதற்குத் தோற்றத்தை மட்டும் சான்றாகக் காட்டினால் அது சொன்னதையே சொல்லுதலாகும். நூற்பா ஒடுக்கத்தைச் சான்றாகக் காட்டுகிறது. குடம் உடைந்தால் மண்ணாகிறது, நூலாவதில்லை. துணி பிரிந்தால் நூலாகிறது, மண்ணாவதில்லை. தோன்றும்போது கண்டதனின்றும் வேறான, ஒடுங்கும்போது காணப்படும் சான்று ஒன்று, தோற்றத்தைப் பற்றிய கூற்றை உறுதிப்படுத்துகிறது. மோலியேரின் மருத்துவரிடம் இல்லாதது இத்தகைய இரண்டாம் சான்றே.

8. இன்மை காரணமாகுமா

சற்காரியவாதம் தடுமாறும் இடமும் ஒன்று உண்டு. அதனை மறைத்தல் முனிவரின் வாத நெறிக்கு ஒவ்வாது. ஆற்றில் நீர் வராமையால் குறுவை பொய்த்தது என்று காவிரிப் படுகையில் கூறும்போது, ஓர் இன்மையே காரணமாகக் கூறப்படுகிறது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து ஜூன் 12 அன்று நீர் திறப்பது மரபு. 2012 முதல் எட்டு ஆண்டுகள் அந்நாளில் திறக்க இயலாமற்போய், 2020இல்தான் மீண்டும் குறித்த நாளில் திறக்கப்பட்டது. நீரின்மையில் பயிரின் வாட்டம் நுண்ணிலையில் இருந்தது என்று கூறுவதற்கில்லை. இல்லாததில் எதுவும் உறைவதில்லை. வாட்டம் பயிரின் உடலிலேயே இருந்த தகுதி, நீரே அதனைத் தடுத்துக்கொண்டிருந்தது என்று சித்தாந்தி விடையளிக்கலாம். அவ்விடை பொருத்தமானதே, ஆயினும் பழி எங்கே சேரும் என்ற வினாவிற்கு அது உதவாது.

நியாய மரபு இங்கே வலிமை பெறுகிறது. ஒவ்வோர் இன்மைக்கும் எது இல்லை என்று குறிக்கும் பிரதியோகியும், எங்கே இல்லை என்று குறிக்கும் அனுயோகியும் வேண்டும் என்பது அதன் விதி. வயலில் இல்லாதவை எண்ணிறந்தன. ஆனால் இந்த வயலில், இந்தப் பருவத்தில், வர வேண்டிய இந்நீர் இல்லை என்று வரையறுத்த பின்னரே இன்மை காரணமாக எண்ணப்படும். 'வர வேண்டிய' என்ற அளவு இயற்கையால் கிடைப்பதன்று. மரபாலோ உடன்படிக்கையாலோ தீர்ப்பாலோ வரையறுக்கப்படுவது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று, எல்லையை ஒட்டிய நீரளவு நிலையமான பிலிகுண்டுலுவில் தமிழகத்திற்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) காவிரி நீர் என்று வரையறுத்தபோது, நீரின்மை என்பதற்கு எண்ணளவில் ஒரு பிரதியோகி கிடைத்தது. இன்மையைக் காரணமாகக் கூறுமிடத்து ஒரு நெறி முன்னரே கொள்ளப்பட்டிருக்கிறது என்பதை இக்காலத் தத்துவ ஆய்வாளரும் விரிவாக விவாதித்து வருகின்றனர். தண்டியலங்காரம் அபாவ ஏது எனத் தனிவகையொன்று வகுத்து, அதனை ஐந்தாகப் பகுத்திருப்பதால், இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய கருவியும் தமிழுக்குப் புதிதன்று.

9. நிறைவு

சிவஞான முனிவர் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கியதும் மாபாடியத்தில் அதன் காரியக் கொள்கைக்கு மாறான கொள்கையை நிறுவியதும் முரணல்ல என்பது மேற்கூறியவற்றால் பெறப்படும். எது காரணம் என்று பிரித்தறியும் வினாவிற்கு அன்னம்பட்டரின் இலக்கணத்தினும் செறிவான கருவி அக்காலத்தில் இல்லை. ஆகவே மாணாக்கர் அதனைக் கற்க வேண்டியிருந்தது. அதிலிருந்து இது ஏன் என்னும் வினாவிற்கு அவ்விலக்கணம் விடையளிக்காமையால் மாபாடியம் எழ வேண்டியிருந்தது. இன்மை காரணமாகும் இடத்தில் மீண்டும் முதல் நூலின் உதவி வேண்டப்படுகிறது.

இதனால் விளையும் பணிகள் இரண்டு. இரு நூல்களின் காரணப் பகுதிகளையும் எதிரெதிரே வைத்து, சொல்லடைவோடு கூடிய ஒரு பதிப்பு வெளிவர வேண்டும். தனித்தனியே அச்சிடப்பட்ட நிலையில் முனிவரின் வாதத்தை முழுமையாக மதிப்பிடுவது அரிது. அடுத்து, தமிழகப் பல்கலைக்கழகங்களில் தத்துவம் பயில்வோர் ஹியூமையும் மேக்கியையும் கற்கும் அதே பாடத்தில் முன்னின்மை, அன்னியதாசித்தம், நிமித்த காரணம் ஆகியவற்றையும் கற்க வேண்டும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் விதையின் முளைப்பையும் விளைச்சலையும் ஆராய்ந்து வருகிறது. அங்கே நடைபெறும் சோதனை ஒவ்வொன்றும் ஒன்றை மாற்றி மற்றவற்றை ஒப்ப வைத்து, அன்னியதாசித்தத்தை விலக்கும் வேலையே. அச்சோதனை முடிந்த பின்னும், சோதனையில் வெளிப்பட்ட தொடர்பு பொருளின் இயல்பில் வேரூன்றியதா, வெறும் தொடர்ச்சியா என்ற கேள்வி தீராமல் நிற்கும். அதனைத் தீர்ப்பதற்கு வேண்டிய வாதங்களை, மறுப்பையும் மறுப்பிற்கு மறுப்பையும் உள்ளிட்டு, ஆடுதுறைக்கு அருகிலேயே உள்ள மடமொன்றில் 18ஆம் நூற்றாண்டில் ஒருவர் தமிழில் எழுதி முடித்திருக்கிறார். அவற்றை வழிபடுவதினும் வாதிட்டுப் பார்ப்பதே அவருக்குரிய மதிப்பு.